இடிந்த கோயில்களில் பெண் பார்த்த கதை

தம்பிக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். நலமில்லாதவன் இத்தனை உற்சாகமாகப் பக்கம் பக்கமாக எழுத மாட்டான். இங்கே நாங்களும் குறைவில்லாமல் இருக்கிறோம். உன் கடிதம் வந்ததிலிருந்து உன் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்குக் குடம் வாங்க வருகிறவர்களைக்கூட உட்கார வைத்துப் படித்துக் காட்டுகிறார். "எம்பையன் மெக்சிகோ போறான், பாழடைஞ்ச கோயில் பாக்க. ரெண்டு பொண்ணுங்களும் கூட வருது. எல்லாம் அப்பன் போன ரூட்டுதான்" என்று சொல்லித் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். குடம் வாங்க வந்தவர்களும் சிரிக்கிறார்கள். சிரித்தால் விலையில் கொஞ்சம் குறைப்பார் என்று அவர்களுக்குத் தெரியும்.

நீ எழுதியதை நானும் படித்தேன். படிக்கப் போன தேசத்திலிருந்து, அடுத்த விடுமுறையில் மெக்சிகோ. காட்டுக்குள் மாயர்கள் கட்டி, ஏதோ ஒரு காலத்தில் விட்டுவிட்டுப் போன கோயில்கள். முதுகில் ஒரு பை. பஸ்ஸிலேயே தூக்கம், இறங்கி ஓர் இடிபாடு, ஓடிவந்து மறுபடி பஸ். ஒரே வாரத்தில் ஆறு ஊர். உன்னோடு இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். அந்தப் பெண்களுக்காக மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். உஷா மதுரைக்காரி, அமைதி. நளினி மெட்ராஸ், வாய் ஓயாதவள். இருவரில் ஒருத்தியைக் கட்டிக்கொள்ள நினைக்கிறாய், யாரை என்று தெரியவில்லை. "ஒரு வாரம் பஸ்ஸில் அலைந்தால் யார் எப்படி என்று தெரிந்துவிடும் அம்மா, அப்பா உன்னைக் கண்டுபிடித்த மாதிரி. அவர்கள் இருவருக்கும் இது தெரியாது. அதுதான் வேடிக்கை" என்று முடித்திருக்கிறாய். அந்த வேடிக்கை என்ற சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீ புறப்படுவதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும்.

அப்பா என்னைக் கண்டுபிடித்த கதையை நீ விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறாய். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். "பஸ்ஸுல போனோம், மூணு கோயில் பாத்தோம், ரெண்டு பொண்ணு பாத்தோம், ஒண்ணக் கட்டிக்கிட்டு வந்தோம்." வந்தவர்கள் சிரிக்கும்போது நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அதை வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நீயும் நினைத்தாய். கதையில் இரண்டாவது பெண்ணுக்குப் பெயர் கிடையாது. அவள் என்ன ஆனாள் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றும் சொல்ல முடியாது. இப்போது நீ கேட்காமலே சொல்கிறேன்.

உறையூரில் என் அப்பா சுருட்டுச் சுற்றினார் என்பது உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டியதில்லை. என் பி.ஏ.தான் எங்கள் தெருவுக்கே முதல் பி.ஏ. சரித்திரம் எடுத்தேன். கல்லூரியில் இருந்த காலம் முழுக்க, பெயர் கூப்பிடும்போது நான் சொல்லும் 'ப்ரசென்ட்' மேடைவரை போய்ச் சேர்ந்ததே இல்லை. பக்கத்துப் பெண்தான் எனக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பாள். பேச்சு வராதவள் வேறு என்ன செய்வாள்? பார்த்துக்கொண்டிருப்பாள். யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் எந்தப் பேச்சில் முந்தானையைச் சரிசெய்கிறார்கள், யாருடைய சிரிப்பு உதட்டோடு நின்றுவிடுகிறது என்று பார்ப்பதே என் வேலை. பாடத்தில் கொடும்பாளூரும் சித்தன்னவாசலும் நார்த்தாமலையும் வந்தன. எல்லாம் திருச்சியிலிருந்து பஸ்ஸில் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரம். நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. சித்தன்னவாசல் குகையின் கூரையில் தீட்டியிருக்கும் தாமரைக் குளத்தைப் பற்றிப் பரீட்சையில் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதில் வரும் மீனையும் வாத்தையும் புத்தகத்தில் படித்து எழுதினேன்.

அறுபத்து இரண்டாம் வருடம், ரிசல்ட் வந்த ஆனி மாதம். வேலையிலிருந்து வந்த அப்பா கைகூடக் கழுவாமல் சொன்னார்: "பாப்பா, பெரிய கடை வீதியில பாத்திரக் கடை வச்சிருக்காங்கல்ல, ஸ்ரீரங்கத்துக்காரங்க? அவங்க புதுக்கோட்டைப் பக்கம் பழைய கோயிலெல்லாம் பாக்க ஒரு பஸ் எடுக்குறாங்களாம். சீட்டு இருக்கு, உங்க பொண்ணு சரித்திரம் படிச்சதாச்சே, கூட்டிட்டு வாங்கன்னு அந்தம்மாவே சொல்லி அனுப்பியிருக்காங்க." எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னையும் ஒருவர் சரித்திரம் படித்தவள் என்று கூப்பிடுகிறாரே என்று இருந்தது. "நல்ல புடவையாக் கட்டிக்கம்மா, பெரிய இடம்" என்றார் அப்பா. கோயில் இடிபாட்டுக்கு எதற்கு நல்ல புடவை என்று எனக்குள் ஓடியது. வாய் கேட்கவில்லை. அந்தம்மா என்றது உன் பெரிய அத்தையை. உன் அப்பாவின் மூத்த அக்கா, தாயில்லாத தம்பியை வளர்த்தவள், கடைச் சாவியும் வீட்டுச் சாவியும் அவள் இடுப்பில்தான் தொங்கும்.

பஸ் விடியற்காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி வந்து தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் எங்களை ஏற்றிக்கொண்டது. ஏறியதும் உன் அத்தை என் அப்பாவைப் பார்த்து மூக்கைச் சுருக்கினாள். "தப்பா நினைச்சுக்காதீங்க, புகையிலை வாடை எனக்குத் தலைய சுத்தும். நீங்க கடைசி சீட்டுல காத்தாட உக்காருங்க." அப்பா சிரித்துக்கொண்டே பின்னால் போனார். தென்னூரில் ஒரு அம்மாளும் அவர் மகளும் ஏறினார்கள். அந்தப் பெண் என் வயதுதான். அவளும் பட்டுப்புடவை. நானும் பட்டுப்புடவை. மற்ற எல்லோரும் மெல்லிய வாயில் நூல்புடவையில் வந்திருக்க, இடிந்த கோயில் பார்க்கக் கிளம்பிய பஸ்ஸில் இரண்டே இரண்டு பட்டு. ஒருவரை ஒருவர் பார்த்ததும் இருவருக்கும் விளங்கிவிட்டது. அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதோடு சொன்னாள்: "ஏங்க, உங்களையும் சரித்திரத்துக்குத்தான் கூட்டிட்டு வந்தாங்களா? எனக்குச் சரித்திரத்துல முட்டைங்க." அவள் பெயர் செண்பகம். பத்தாவதோடு நின்றவள். அவள் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. உன் அத்தை திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினேன். செண்பகம் விழுங்கவில்லை.

ஏன் இடிந்த கோயில் என்பதை உன் அத்தையே பின்னால் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அந்தக் காலத்தில் பெண் பார்ப்பதைத் தற்செயல் போலக் கோயிலில் வைத்துக்கொள்வார்கள். மலைக்கோட்டையிலோ ஸ்ரீரங்கத்திலோ வைத்தால் தெரிந்தவர் பத்துப் பேர் பார்ப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் பேச்சு வரும், பெண் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். "பூசை இல்லாத கோயிலுன்னா ஆடு மாடுதான் பாக்கும்" என்பாள். அதோடு அவள் பாத்திரக் கடைக்காரி. ஒரு குடத்தை எடுத்தால் தட்டிப் பார்ப்பாள், அடியைத் திருப்பிப் பார்ப்பாள், இன்னொரு குடத்தைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறித் தட்டுவாள். தம்பிக்குப் பெண் எடுப்பதிலும் அதே முறை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே வெயிலில், ஒரே பஸ்ஸில். உறவுக்காரரின் பஸ் அது. சாயங்காலம் லால்குடிக் கல்யாணக் கூட்டத்துக்கு அதே பஸ் போக வேண்டும் என்பதால் டிரைவருக்கு ஒரே அவசரம். எந்த இடத்திலும் அரை மணிக்கு மேல் நிறுத்தமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். விராலிமலையை ஜன்னல் வழியாகக் கும்பிட்டோம். குடுமியான்மலையில் ஹாரனைக்கூட நிறுத்தவில்லை.

கொடும்பாளூரில் மூன்று கோயில்களில் இரண்டு நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். நான் செருப்பைக் கழற்றினேன். உள்ளே சாமி இல்லை, பூசை இல்லை, கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் உன் அத்தை என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகம் கழற்றவில்லை. "சாமியே வெளிய போயிட்டாரு, நான் எதுக்குங்க செருப்ப விடணும்? சுடுதுல்ல" என்றாள். உன் அப்பா சத்தமாகச் சிரித்தார். அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அழகான சிரிப்பு. அவர் தன் செருப்பையும் மாட்டிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நடந்து போய் மூன்றாவது கோயில் இருந்த இடத்தைக் காட்டி ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். இருவரும் மறுபடி சிரித்தார்கள். நான் பாறையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த நாள் முழுக்க நான் செருப்புப் போடவில்லை. ஒரு கோயிலில் கழற்றியவள் அடுத்ததில் போட்டுக்கொண்டால் முதலில் கழற்றியது நடிப்பாகிவிடும் இல்லையா? வாயில்லாதவர்களுக்கு இப்படித்தான் ஒன்று போய் ஒன்றாக மாட்டிக்கொள்ளும்.

சித்தன்னவாசலில் குகை வாசல்வரை போய்விட்டேன். உள்ளே இருட்டில் கூரையின் பச்சை கொஞ்சம் தெரிந்தது. "ஏம்மா, படிச்ச பொண்ணே, பஸ்ஸுல பிளாஸ்க் விட்டுட்டேன், எடுத்துட்டு வந்துடேன்" என்றாள் உன் அத்தை. வெறும் காலோடு இறங்கி, எடுத்துக்கொண்டு ஏறி வருவதற்குள் ஹாரன் அடித்துவிட்டது. எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "பாத்தியாம்மா படத்த? நல்லாயிருக்குல்ல?" என்று என்னிடமே கேட்டாள். தலையாட்டினேன். தம்பி, அந்தத் தாமரைக் குளத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை. உன் அப்பாவிடம் பல தடவை கேட்டிருக்கிறேன். "அதான் பாத்துட்டோமே" என்பார்.

நேரமில்லாததால் சாப்பாடு ஓடும் பஸ்ஸிலேயே. பரிமாறும் பொறுப்பை எங்கள் இருவருக்கும் கொடுத்தாள் உன் அத்தை. யார் கையில் நடுக்கம் இல்லை என்று பார்க்க வேண்டுமே. அன்னவாசலைத் தாண்டியதும் ரோடு என்று ஒன்று கிடையாது, பள்ளம்தான். நான் புளியோதரைத் தூக்கைப் பிடித்துக்கொண்டேன், செண்பகம் கரண்டியால் இலையில் வைத்தாள். "யாருக்கு இன்னும் வேணும்? கேட்டா பஸ்ஸே தூக்கிப் போடும்" என்று சொல்லிக்கொண்டே போனாள். எல்லோருக்கும் அவளைப் பிடித்திருந்தது. டீசல் நாற்றம், எண்ணெய் நாற்றம், நடுப்பகல் வெயில். பாதி பஸ் தாண்டியதும் அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். கரண்டியை என் கையில் திணித்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். ஜன்னல் வரை போக முடியவில்லை. பட்டுப்புடவை முழுக்க வாந்தி.

உன் அத்தை முன் சீட்டிலிருந்து திரும்பினாள். "என்னடியம்மா, புளிப்பு ஒத்துக்கலையா, இல்ல புளிப்பு கேக்குதா? எத்தன மாசம்?" என்றாள்.

பஸ்ஸே வெடித்துச் சிரித்தது. அவள் அம்மா எழுந்து நின்று, "ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா, காலையில ஒண்ணும் சாப்பிடல, பஸ்ஸு ஒத்துக்கல, வயசுப் பொண்ணும்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "அட, தமாஷுக்குச் சொன்னா, அதுக்குப் போயி" என்றாள் உன் அத்தை. நான் உன் அப்பாவைப் பார்த்தேன். செண்பகமும் அவரைத்தான் பார்த்தாள். காலையிலிருந்து அவளோடு சிரித்துக்கொண்டிருந்தவர் அவர், அவளைப் பிடித்துப்போனது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள், மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று. அவர் சிரித்தார். மற்ற எல்லோரையும்விடச் சத்தமாக, தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். கடைக்கு வருகிறவர்களிடம் இன்று சிரிக்கிறாரே, அதே சிரிப்பு. அதற்குப் பிறகு செண்பகம் பேசவே இல்லை. என் கூஜாத் தண்ணீரில் புடவையைத் துடைத்தேன். அவள் கை சில்லிட்டுப் போயிருந்தது.

நார்த்தாமலையில் அவள் பஸ்ஸைவிட்டு இறங்கவில்லை. மற்றவர்கள் மலை ஏறினோம். மலை என்றால் மண்ணில்லாத வழுக்குப் பாறை, பகல் முழுக்க வெயில் குடித்த பாறை. என் உள்ளங்கால் கொப்பளித்து உடைந்திருந்தது. மேலே பெரிய கோயிலைச் சுற்றிச் சின்னச் சின்னச் சன்னதிகள், பாதி சரிந்தவை. அதில் ஒன்றின் நிழலில் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது.

"எனக்கு அந்தத் தென்னூர்ப் பொண்ணத்தான்க்கா பிடிச்சிருக்கு."

"பிடிக்கும்டா. பிடிக்கிறது வேற, வச்சுக் குடும்பம் பண்றது வேற. அவ வாயப் பாத்தியா? நாளைக்கு எனக்கே பதில் சொல்லுவா. அதோட வாந்தி வேற, ஊரு என்ன பேசும்?"

"நீங்கதானேக்கா பேசினீங்க?"

"பேசினேன். இப்ப பேசியாச்சு இல்ல? இனி எடுக்க முடியுமா? உறையூர்க்காரிய பாரு. காலு வெந்து கிடக்கு, ஒரு வார்த்த சொல்லல. பிளாஸ்க்குக்கு அனுப்பினேன், ஏன்னு கேக்கல. இதுமாதிரி அமையாதுடா."

பிறகு உன் அப்பா சொன்னார்: "சரிக்கா. நீங்க சொன்னாச் சரி." கீழே ஹாரன் அடித்தது. இவ்வளவுதான் தம்பி, உன் அப்பா என்னைக் கண்டுபிடித்த கதை.

எனக்கு அந்த வீடு வேண்டாம். பி.டி. படித்து டீச்சராக வேண்டும் என்பதுதான் அன்றைக்கு என் ஆசை. சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து, "நான் மாட்டேன்" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் தோற்றிருப்பேன், தப்பித்திருப்பேன். தோற்பதற்குக்கூட வாய் வேண்டும். திரும்பும் வழியில் உன் அத்தை என் அப்பாவைக் கடைசி சீட்டிலிருந்து எழுப்பி முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தாள். அப்பாவின் கண்ணில் நீர். "வாடைய மறந்துட்டாங்க பாப்பா" என்று இறங்கும்போது சொன்னார். அந்த மனிதரிடம் நான் என்ன சொல்வது? ஆவணியில் கல்யாணம்.

ஆடு மாடுதான் பார்க்கும் என்றாளே உன் அத்தை, பஸ்ஸில் இருந்தவர்களுக்கு வாய் இருந்ததை மறந்துவிட்டாள். மறந்தாளோ, நினைத்துத்தான் சொன்னாளோ. 'பஸ்ஸில் வாந்தி எடுத்த பொண்ணு' என்பது தென்னூரில் ஒரு வாரத்துக்குள் 'எத்தனை மாசம்' ஆகிவிட்டது. மாசங்கள் போயின, வயிறு பெரிதாகவில்லை. அப்போது பேச்சு நின்றிருக்க வேண்டும் இல்லையா? நிற்கவில்லை. கலைத்துவிட்டார்கள் என்று ஆயிற்று. வந்த வரன் எல்லாம் தெரு முனையிலேயே திரும்பியது. கடைசியில் அவளை மணப்பாறைப் பக்கம் மனைவியை இழந்த ஒருவருக்கு, அவர் பிள்ளைகளோடு சேர்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். இதெல்லாம் எனக்கு உன் அத்தை சொல்லித்தான் தெரியும். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, ஏதோ சினிமாக் கதை போலச் சொன்னாள்.

அறுபதுகள் முடியும் சமயம் ஓர் ஆடிப் பெருக்கு அன்று முக்கொம்பில் அவளைப் பார்த்தேன். நீ என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா அவளைத் தூரத்தில் கண்டதும், "பொரி வாங்கிட்டு வரேன்" என்று போனவர் பஸ் ஏறும் நேரத்தில்தான் வந்தார். பொரி வாங்கி வரவில்லை. செண்பகம் நேராக என்னிடம் வந்தாள். இளைத்திருந்தாள். அவளைச் சுற்றி அவளைவிடக் கொஞ்சமே இளைய பிள்ளைகள், அவளை "சித்தி" என்று கூப்பிட்டார்கள். "கால் ஆறிடுச்சாங்க?" என்று கேட்டாள். அன்றைக்கு என் காலைப் பார்த்தவள் இன்னொருத்தியும் இருந்திருக்கிறாள். "ஆறிடுச்சுங்க" என்றேன். உன்னைப் பார்த்தாள். உன் கன்னத்தைத் தொடுவாள் என்று நினைத்தேன், தொடவில்லை. "உங்க வீட்டுக்காரரு நல்லாச் சிரிப்பாரே, இப்பவும் சிரிக்கிறாரா?" என்று கேட்டாள். "கடையில சிரிப்பாருங்க" என்றேன். "வீட்டுல?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவளை யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

உன் அப்பா என்னை அடித்ததில்லை, குடித்ததில்லை. பி.டி.க்குத்தான் விடவில்லை, பிறகு கடையில் கஷ்டம் வந்தபோது சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலைக்குப் போகச் சொன்னார், போனேன். அவர் வாயால் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, "பரவால்ல, நீ பஸ்ஸுல வாந்தி எடுக்க மாட்டே." அதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறார். சொல்லும்போதெல்லாம் யாரை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இப்படி ஒரு வீட்டில்தான் நீ வளர்ந்தாய். அமைதியான வீடு என்று சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாய். உன் அத்தையைக் கடைசிக் காலத்தில் நான்தான் தூக்கி இறக்கி, கழுவி விட்டேன். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அன்னிக்குச் சரியாத்தான் எடுத்தேன்" என்றாள். என்னைத் தட்டிக் கொடுத்தாள். அவள் கடை வைத்தவள், அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். தட்டினால் கணீரென்று கேட்பதுதான் நல்ல குடம். சத்தமே வராதது எங்கேயோ விரிசல் விட்டது. கடையில் ஒரு நாளும் செய்யாத தப்பை அவள் அந்த மலைமேல் செய்தாள்: ஒலித்ததைத் தள்ளிவிட்டு ஒலிக்காததை வாங்கிவந்தாள்.

நீயும் அதையே செய்யப் போகிறாய். அந்த ஊர் பஸ்ஸில் ஒரு வாரம் அலைந்தால் உனக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறாய்? யாருக்கு வயிறு கெட்டியானது, யாருக்குக் கால் தோல் தடித்தது என்று தெரியும். காய்ச்சலை மறைப்பவள் யார், பசியைச் சொல்லாதவள் யார் என்று தெரியும். அப்படி மறைப்பவளைத்தான் குணவதி என்று நீ வீட்டுக்குக் கொண்டுவருவாய். பிறகு ஆயுள் முழுக்க அவள் மறைத்துக்கொண்டே இருப்பாள், நீ அமைதியான வீடு என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். மற்றவளைப் பற்றி ஊர் திரும்பி உன் கூட்டத்தில் ஒரு கதை சொல்வாய், அவள் எந்த ஊரில் அழுதாள், எந்தப் படியில் உட்கார்ந்துவிட்டாள் என்று. சிரிப்பு வரும்படிதான் சொல்வாய். உன் அப்பாவின் பிள்ளைக்கு அது நன்றாக வரும். அந்தச் சிரிப்பு அவளோடு எத்தனை வருடம் போகும் என்று உனக்குத் தெரியப் போவதில்லை, ஏனென்றால் நீ பொரி வாங்கப் போயிருப்பாய்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. பஸ்ஸில் வாந்தி எடுப்பவன் நீ. சின்ன வயதில் சமயபுரம் போய்த் திரும்புவதற்குள் மாற்றுச் சட்டையையும் நாசம் பண்ணுவாய். உன் அத்தை மடியில் எடுத்தாய், டிரைவர் முதுகில் எடுத்தாய். "பாவம், புள்ளைக்கு ஒத்துக்கல" என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். எத்தனை மாசம் என்று உன்னை ஒருவரும் கேட்கவில்லை. அந்த இரண்டு பெண்களும் உன்னைப் போலவே பரீட்சை எழுதி, விமானம் ஏறி, அயலூரில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுப் படிக்கிறார்கள். அவர்கள் அந்தக் கோயில்களைப் பார்க்கத்தான் காசு சேர்த்து வருகிறார்கள். அவர்கள் கூரையை நிமிர்ந்து பார்க்கும்போது நீ அவர்கள் காலைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதுதான் வேடிக்கை என்று எழுதியிருக்கிறாய்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா வாசலிலிருந்து, "நம்ம டூர் கதையும் எழுது, பயலுக்கு உதவும்" என்றார். "எழுதிட்டேங்க" என்றேன். "சிரிப்பா எழுதினியா?" என்று கேட்டார். "நடந்த மாதிரி எழுதியிருக்கேன்" என்றேன். சிரித்துக்கொண்டே கடைக்குப் போய்விட்டார்.

ஆபீஸில் பழகிய பழக்கம், முக்கியமான எதையும் ஒற்றைத் தாளில் எழுத எனக்கு வராது. கார்பன் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். மேல் தாள் உனக்கு. இரண்டாவது உஷாவுக்கு, மூன்றாவது நளினிக்கு. அவர்கள் எந்தத் துறையில் படிக்கிறார்கள் என்று நீயே எழுதியிருந்தாய், முகவரிக்கு அது போதும் என்று தபாலாபீஸில் சொன்னார்கள். மூன்றையும் ஒரே தபாலில் சேர்க்கிறேன். அவர்கள் உன்னோடு பஸ் ஏறட்டும், ஏறாமல் போகட்டும், அவர்கள் இருவர் மட்டும் வேறு பஸ் பிடித்துப் போகட்டும். அது அவர்கள் பாடு. கட்டிக்கொள்ள உனக்கு யாரும் கிடைக்காமல் போனால் அது உன் பாடு. கல்யாணத்துக்கு நான் அவசரப்படவில்லை.

மூன்றாவது பிரதி சற்று மங்கல்தான். எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். படிக்க முடிகிறது.

உன்னைப் பெற்றவள்